600 ரூபாய் சம்பள உயர்வு, கைவிட்டுப் போகும் இ.எஸ்.ஐ.

2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்ததும், பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சார், எங்க கையில எவ்வளவு கூட வரும்?"

கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கமிருந்து ஷிப்டுக்குப் போகிற இவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் 20,000 ரூபாய் பக்கம். அவர்களுக்கு முன்பும் வருமான வரி இல்லை, இப்போதும் இல்லை. ஆகவே சலுகையால் ஒரு ரூபாய்கூட அதிகம் வராது. இவர்கள் கவனிக்க வேண்டிய எண் 21,000. இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசு காப்பீட்டில் இருப்பதற்கான சம்பள உச்சவரம்பு அது. 2017 ஜனவரியில் வைத்தார்கள். 12 லட்சம் அறிவிப்பு வந்த நாளிலும் அதேதான். விலைவாசி ஆண்டுக்கு 4% மட்டுமே ஏறியது என்று வைத்தாலும், அந்த 21,000 எட்டு ஆண்டில் ஏறக்குறைய 28,700 ஆகியிருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 20,500 வாங்குகிறவருக்கு 600 ரூபாய் கூட்டுகிறார்கள். உயர்வு 3 சதவீதம்கூட இல்லை. விலைவாசி 4% என்றால் ஈடுகட்டவே 820 வேண்டும். சம்பளம் 21,100 ஆனதால் இ.எஸ்.ஐ.யும் போகிறது. தொழிலாளி பங்கு 0.75%, அதாவது 154 ரூபாய், மிச்சம். ஆனால் முதலாளி கட்டிய 3.25% நின்றுவிடும். மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் இருந்த சிகிச்சையும் பின்னர் நிற்கும். விலைவாசிக்கேற்ப இந்த வரம்பு தானாக உயர வேண்டும். வரி அடுக்கைவிட இதைத்தான் தொழிற்சங்கங்கள் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

சம்பள உயர்வுக் கடிதம் வந்தால் எந்தத் தேதி முதல் என்று பாருங்கள். இ.எஸ்.ஐ.க்குப் பணம் கட்டும் பங்களிப்புக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு. காலம் தொடங்கியபின் நடுவில் 21,000-ஐத் தாண்டினால், அந்தக் காலம் முடியும்வரை நீங்கள் இ.எஸ்.ஐ.யில்தான் இருக்கிறீர்கள். மே மாதம் முதல் உயர்வு என்றால் செப்டம்பர் கடைசிவரை பிடித்தம் நடக்க வேண்டும். உடனே நிறுத்தினால் அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம், ஓவர்டைம் பணத்தை இந்த வரம்புக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதையும் சேர்த்து உங்களை வெளியே தள்ளினால் அது தவறு.

ஏப்ரல்–செப்டம்பர் பங்களிப்புக்கான பலன் காலம், அதாவது அதற்கான பலன்களைப் பெறும் காலம், அடுத்த ஜனவரி முதல் ஜூன்வரை. அதனால் பிடித்தம் நின்றதும் அட்டையைத் தூரப் போடாமல், கிளை அலுவலகத்தில் உங்கள் உரிமையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருந்தால், தனியார் பாலிசியில் அவற்றுக்கு மூன்று ஆண்டுவரைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கும். சம்பளப் பேச்சின்போதே குடும்பத்துக்கும் சேர்த்துக் குழு மருத்துவக் காப்பீடு கேளுங்கள். சரி என்றால் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.