கொரிய மேலதிகாரிக்கு வாழ்த்துச் சொல்லும்போது

கொரியப் பிறந்தநாள் பாட்டில் வரும் ‘ஸெங்இல் ச்சுக்கஹம்னிதா’ (பிறந்தநாள் வாழ்த்துகள்) பலருக்கும் மனப்பாடம். அதை மேலாளரிடம் சொன்னால் இலக்கணப் பிழை இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனாலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கொரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ‘ச்சுக்கதுரிம்னிதா’ என்று பழகிக்கொள்வது நல்லது. வாழ்த்தைப் பணிவோடு சமர்ப்பிக்கும் வடிவம் அது. ‘ச்சுக்கஹே’ நெருங்கிய நண்பர்களுக்கும் வயதில் இளையவர்களுக்கும் மட்டும். ‘ச்சுக்கஹேயோ’ பழகிய சக ஊழியருக்குப் போதும். ‘துரிம்னிதா’ தேவையற்ற பணிவு என்று ஒருகாலத்தில் இலக்கணக்காரர்கள் ஒதுக்கினார்கள். தேசியக் கொரிய மொழி நிறுவனம் 2011இல் வெளியிட்ட மொழி மரபுக் கையேடு அதை ஏற்றுக்கொண்டது.

வினையைச் சரியாகச் சொல்பவர்கள்கூடத் தடுக்கி விழும் இடம் ‘நீங்கள்’. தமிழில் ‘நீங்க’ போட்டாலே மரியாதை வந்துவிடுகிறது. அதே நினைப்பில் அகராதியைப் பார்த்து ‘தங்ஷின்’ என்று சேர்த்தால் காரியம் கெட்டது. கணவன் மனைவிக்குள் அது அன்பு. தெருவில் இருவர் மோதிக்கொள்ளும்போது அது வசை. மேலதிகாரியிடம் இந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. பதவிப் பெயரோடு ‘னிம்’ என்ற மரியாதை விகுதியைச் சேர்த்து அழைத்துவிட்டு, நேரே விஷயத்துக்குப் போக வேண்டும்: ‘புஜங்னிம், ஸுங்ஜின் ச்சுக்கதுரிம்னிதா’. புஜங் என்பது துறைத் தலைவர், ஸுங்ஜின் என்பது பதவி உயர்வு. எழுதும்போது ‘ஸுங்ஜினுல் ஜின்ஸிமுரோ ச்சுக்கதுரிம்னிதா’ என்றால் மனமார்ந்த வாழ்த்தாகிவிடும். பேச்சில் அந்த ‘உல்’ உருபை விட்டுவிடலாம்.

மரியாதை கூடட்டும் என்று சிலர் ‘ஷி’ இடைநிலையையும் வினைக்குள் செருகி ‘ச்சுக்கஹஷிம்னிதா’ என்கிறார்கள். ‘ஷி’ செயலைச் செய்பவரை உயர்த்துவது. இங்கே வாழ்த்துபவர் நீங்கள்தான். ‘நான் வாழ்த்துகிறார்கள்’ என்று தமிழில் சொல்வதைப் போலத்தான் அது.

பிறந்தநாளுக்கு ‘ஸெங்இல்’ தவிர ‘ஸெங்ஷின்’ என்ற உயர்சொல்லும் உண்டு. பெற்றோர், தாத்தா பாட்டி வயதினருக்கு அதுவே முறை. நாற்பது வயது மேலாளரிடம் சொன்னால் அவரைக் கிழவராக்கிவிடும்; அங்கே ‘ஸெங்இல் ச்சுக்கதுரிம்னிதா’ போதும்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது. ‘துரிம்னிதா’வின் முதல் உயிர், ‘காது’ என்பதன் ஈற்றில் இதழ் குவியாமல் ஒலிக்கும் நம் குற்றியலுகரம்தான். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் திணறும் இந்த ஒலி நமக்கு இயல்பாக வரும். பாதகம் ‘க்க’வில். எழுத்தில் ‘ச்சுக்’ என்பதும் ‘ஹ’ என்பதும் தனித்தனியாக இருந்தாலும், பேச்சில் இரண்டும் சேர்ந்து மூச்சு கலந்த ஒரே ககரமாகிவிடும். தமிழ் ‘க்க’வில் அந்த மூச்சு இல்லாததால், கொரியர் காதில் வேறொரு இறுக்கமான மெய்யாக விழுகிறது. வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள்; தாள் அசைய வேண்டும்.

கைகுலுக்க நீங்கள் முந்த வேண்டாம். மூத்தவர் கை நீட்டினால், இடக்கையால் வலது மணிக்கட்டைத் தாங்கி, லேசாகக் குனியுங்கள். கைப்பேசியில் இளைஞர்கள் மெய்யெழுத்துகளை மட்டும் தட்டி அனுப்பும் சுருக்க வாழ்த்து மேலதிகாரிக்கு ஆகாது.

கொரியாவில் திருமணத்துக்குப் போகிறவர்கள் ‘ச்சுகிகும்’ எனப்படும் மொய்ப் பணத்தை வெள்ளை உறையில் வைத்து, வாசல் மேசையில் இரு கைகளாலும் கொடுப்பார்கள். சாப்பாட்டுச் சீட்டும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். பெயர் உறையின் பின்பக்கம், இடது கீழ் மூலையில். தொகை 3, 5, 7 என ஒற்றைப்படையாகப் பத்தாயிரம் வோன் கணக்கில் போகும்; 1,00,000 வோனும் சரியே. நான்கைத் தவிர்ப்பார்கள், அதன் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லோடு ஒத்துப்போவதால். பெறுபவர் அரசு ஊழியரோ ஆசிரியரோ பத்திரிகையாளரோ என்றால் இன்னும் கவனம் தேவை. 2016இல் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டம், 2018 திருத்தத்துக்குப் பின், அவர்கள் வாங்கக்கூடிய மொய்யை 50,000 வோனாக வரம்பிட்டிருக்கிறது.

யாராவது உங்களை வாழ்த்தினால் ‘கம்ஸஹம்னிதா’ என்று நன்றி சொல்லுங்கள். மேலாளர் என்றால் ‘புஜங்னிம் தொக்புனிம்னிதா’, அதாவது ‘எல்லாம் உங்களால்தான்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இங்கும் ‘உங்கள்’ வரும் இடத்தில் பதவிப் பெயர்தான் நிற்கிறது.