துப்பாக்கி வாங்கும் முன் பூட்டைப் பற்றிப் பேசுவோம்

வருடாந்தரப் பரிசோதனைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரிடம் தடுப்பூசி, தூக்கம், கார் சீட் எல்லாம் விசாரித்துவிட்டு, "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்றும் கேட்பேன். டெக்சாஸின் ஹூஸ்டன் பக்கம் குழந்தை மருத்துவராக இருப்பவருக்கு இது வாடிக்கையான கேள்வி. முன்பெல்லாம் நம் தமிழ்க் குடும்பங்கள் "அய்யோ, அதெல்லாம் கிடையாது டாக்டர்" என்று சிரிப்பார்கள். இப்போது கொஞ்சம் தயங்கி, "வாங்கலாமா என்று யோசிக்கிறோம், எது நல்லது?" என்று என்னையே கேட்பவர்கள் கூடிவிட்டார்கள்.

அவர்களுடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2011க்கும் 2014க்கும் இடையில் ஜார்ஜியா, நியூயார்க், ஒஹாயோ, மிச்சிகன், டெக்சாஸ் மாநிலங்களில் இந்திய, ஆசியக் குடும்பங்களைக் குறிவைத்து ஒரு கும்பல் வீடு புகுந்து கொள்ளையடித்தது. நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பதுதான் காரணம். நகைகளை வங்கி லாக்கருக்கு மாற்றினால் அந்தக் காரணத்தில் பாதி போய்விடும். அதைச் செய்யாமல் துப்பாக்கிக் கடைக்குப் போவது தலைகீழ் வரிசை என்பது என் கருத்து. 2003 முதல் 2007 வரையிலான வீட்டுத் திருட்டுகளை அமெரிக்க நீதித்துறை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 28 சதவீதத்தில்தான் வீட்டில் ஆள் இருந்தார்கள். வன்முறை நடந்தது சுமார் 7 சதவீதத்தில். ஆளில்லாத நேரம் பார்த்து வருபவனை அலமாரியில் இருக்கும் துப்பாக்கி தடுக்காது. அதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போவான்.

இன்னொன்றை நம்மவர்களில் பலர் அறியாமல் இருப்பது எனக்குக் கவலை தருகிறது. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 2022இல் வந்த சட்டத்திற்குப் பின் இதற்கான தண்டனை 15 ஆண்டுகள் வரை போகலாம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடுகடத்தலும் சேர்ந்து வரும். கிரீன் கார்டு உள்ளவர் சட்டப்படி வாங்கலாம். ஆனால் மனைவிக்குக் கிரீன் கார்டு, கணவருக்கு இன்னும் எச்-1பி என்றிருக்கும் வீட்டில் துப்பாக்கிப் பெட்டியைத் திறக்க யாரால் முடியும் என்பதே சட்டக் கேள்வியாகிவிடும். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் தங்கும் அப்பாவை, "டெக்சாஸ் வந்துட்டு இதைப் பார்க்காம போறதா, வாங்கப்பா" என்று சுடுபயிற்சிக் கூடத்திற்குக் கூட்டிப் போய்ப் படமெடுப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. அவர் கையில் துப்பாக்கி கொடுப்பவருக்கும் சட்டச் சிக்கல் உண்டு. நண்பருக்காக நான் வாங்கித் தருகிறேன் என்று கடையில் படிவம் நிரப்புவதும் குற்றமே. குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்தப் பக்கம் காலெடுத்து வைக்காதீர்கள்.

சரி, சட்டப்படி வாங்கலாம், வாங்கத்தான் போகிறோம் என்பவர்களுக்கு வருகிறேன். எந்த வகை என்று நான்கு பயிற்சியாளரைக் கேட்டால் நான்கு பதில் வரும். பிஸ்டல் என்ற கைத்துப்பாக்கி சின்னப் பெட்டிக்குள் அடங்கும். ஒரு கையில் குழந்தையைத் தூக்கிக்கொள்ள முடியும். ஆனால் பதற்றத்தில் குறி தப்புவதும் அதில்தான் அதிகம். ஷாட்கன் (ஒரே தோட்டாவில் பல குண்டுகள் சிதறும் நீளத் துப்பாக்கி), ரைஃபிள் இரண்டையும் தோளில் அணைத்துப் பிடிப்பதால் குறி நிற்கும். வீட்டின் குறுகலான நடைவழியில் அதோடு திரும்புவது சிரமம்; பூட்டி வைக்கப் பெரிய அலமாரி வேண்டும். ஷாட்கன் உதைப்பதைத் தாங்க முடியாதவர்கள் அதைப் பழகுவதையே நிறுத்திவிடுகிறார்கள். பழகாத ஆயுதம் கையில் இருப்பது ஆபத்து.

எதை வாங்கினாலும் நம் வீட்டுச் சுவரை நினைவில் வையுங்கள். ஊரில் செங்கல் சுவர். இங்கே உள்சுவர் என்பது மரச்சட்டத்தின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை. ஒரு மனிதனைத் தடுத்து நிறுத்தும் வலிமையுள்ள எந்தத் தோட்டாவும் அப்படிப்பட்ட சுவர்கள் சிலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். "ஷாட்கன் தோட்டா சுவரில் நின்றுவிடும்" என்று கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். பெரிய குண்டுகள் கொண்ட தோட்டா நிற்காது. பிள்ளைகளின் படுக்கையறை எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்று ஒரு தாளில் வீட்டை வரைந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். தனியாக ஒரு நல்ல டார்ச்சும் வேண்டும். துப்பாக்கியில் மாட்டிய விளக்கு, எதைப் பார்க்க விரும்புகிறோமோ அதன்மேலேயே துப்பாக்கியை நீட்ட வைக்கும். இரவு இரண்டு மணிக்குச் சமையலறையில் கேட்கும் சத்தம் பெரும்பாலும் உங்கள் பதினாறு வயதுப் பிள்ளைதான்.

இனி என் துறைக்கு வருகிறேன். 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையுள்ளோரின் மரணத்திற்கு முதல் காரணம் துப்பாக்கி. அதுவரை முதலிடத்தில் இருந்தது சாலை விபத்து. "எங்க பிள்ளைக்கு அது எங்கே இருக்குன்னே தெரியாது" என்று அறைக்குள் உட்கார்ந்து உறுதியாகச் சொல்லும் பெற்றோர் நிறைய. அலபாமாவில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டார்கள். வைத்த இடம் பிள்ளைக்குத் தெரியாது என்ற பெற்றோரில் 39 சதவீதத்தினரின் பிள்ளைகள் தெரியும் என்றார்கள். பிள்ளை தொட்டதே இல்லை என்றவர்களில் 22 சதவீதத்தினரின் பிள்ளைகள் கையில் எடுத்திருக்கிறோம் என்றார்கள். தீபாவளிக்கு ஒளித்துவைத்த முறுக்கு டப்பாவைக் கண்டுபிடிக்கும் கைகள் துணிகளுக்கு அடியில் இருப்பதையும் கண்டுபிடிக்கும்.

ஆகவே உயரம், ஒளிவிடம், கண்டிப்பு மூன்றையும் நம்பாதீர்கள். குண்டு நிரப்பாமல், பூட்டி, தோட்டாக்களை வேறிடத்தில் தனியே பூட்டி வைப்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. நான் சொல்வதும் அதுதான். அவசரத்திற்கு உடனே எடுக்க வேண்டும் என்று வாதாடுபவர்கள் தரையிலோ கட்டிலிலோ போல்ட் போட்டு இறுக்கிய, பொத்தான் எண் அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டுள்ள சிறு பெட்டியையாவது வாங்குங்கள். கைரேகைப் பெட்டிகளில் எச்சரிக்கை தேவை. பதிவு செய்யாத விரலுக்கும் திறந்துவிடும் குறையால் 2023இல் ஒரே நிறுவனத்தின் சுமார் 61,000 பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்கு முன், அத்தகைய பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியால் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்ததாக வழக்கு ஒன்று கூறியது. வாங்கிய அன்றே வீட்டிலுள்ள எல்லோருடைய விரல்களையும் வைத்துச் சோதியுங்கள். உரிமம் பெற்ற கடை கைத்துப்பாக்கியோடு பூட்டும் தர வேண்டும் என்பது சட்டம். பல காவல் நிலையங்களில் கேபிள் பூட்டு இலவசமாகவே கிடைக்கிறது. பிஸ்டலில் இருந்து மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் கூடு) கழற்றிவிட்டால் காலி என்று பதின்வயதினர் நினைக்கிறார்கள். குழலின் அடியில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். டெக்சாஸில் சுடத் தயாரான நிலையில் துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குப் போனால் அது தண்டனைக்குரிய குற்றம்.

தற்கொலை பற்றிப் பேச நம் வீடுகளில் யாருக்கும் பிடிக்காது. "டாக்டர், நம்ம பிள்ளைங்க அப்படியெல்லாம் இல்லை" என்பார்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாமே சுட்டுக்கொண்டவர்கள். 2021இல் மொத்தம் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. கலிபோர்னியாவில் பல ஆண்டுகள் தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, வைத்திராத ஆண்களைவிட 8 மடங்கு அதிகம். பெண்களில் 35 மடங்கு. எங்கள் ஹூஸ்டனிலேயே நடந்து 2001இல் வந்த ஆய்வு என் மனதை விட்டு அகலாதது. சாவின் விளிம்புவரை போய்த் தப்பிய 13 முதல் 34 வயதினரைக் கேட்டார்கள். சாகலாம் என்று முடிவெடுத்ததற்கும் செயலுக்கும் இடையில் ஐந்து நிமிடம்கூட இல்லை என்று நான்கில் ஒருவர் சொன்னார்கள். மாத்திரை விழுங்கியவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடிகிறது. சுட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அந்த ஐந்து நிமிடத்தைக் கடக்க ஒரு பூட்டு போதும். தேர்வு முடிவு, காதல் முறிவு, கல்லூரி நிராகரிப்புக் கடிதம் என்று வீட்டில் பிள்ளை சுருண்டு கிடக்கும் நாட்களில், அப்பாவுக்கு வேலை போன மாதங்களிலும்கூட, துப்பாக்கியை வீட்டிலிருந்தே வெளியேற்றிவிடுங்கள். துப்பாக்கிக் கடைகளும் பயிற்சிக் கூடங்களும் சில இடங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்கின்றன. இந்தியப் பயணம் போகும் விடுமுறைக்கும் இதே ஏற்பாடு சரிவரும். தற்கொலை எண்ணம் வருபவர்களுக்கான உதவி எண்ணான 988ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

பேரிடருக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக வாங்குவதாகச் சிலர் சொல்கிறார்கள். 2021 பிப்ரவரியின் உறைபனிப் புயலில் டெக்சாஸில் 246 பேர் இறந்ததாக மாநில அரசு கணக்குச் சொன்னது. பெரும்பாலோரைக் கொன்றது குளிர். மூடிய கராஜில் காரை ஓடவிட்டும், வீட்டுக்குள் கரி மூட்டியும் கார்பன் மோனாக்சைடால் இறந்தவர்கள் உண்டு. ஒரு மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் வீதம் தண்ணீர், இரண்டு வார மருந்து, கம்பளி ஆகியவை வாங்கி முடித்தீர்களா என்று நான் கேட்பது அதனால்தான். புயலுக்கு ஊரைவிட்டுக் கிளம்பினால் செஞ்சிலுவை முகாம்களில் துப்பாக்கியை உள்ளே விடமாட்டார்கள் என்பதையும் முன்பே யோசித்து வையுங்கள்.

உங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லாவிட்டாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் கேளுங்கள். சங்கடமாக இருந்தால் ஒவ்வாமையோடு சேர்த்துக் கேட்டுவிடலாம்: "அக்கா, இவனுக்கு வேர்க்கடலை ஆகாது. அப்புறம், வீட்ல துப்பாக்கி ஏதும் இருக்கா? பூட்டியா வச்சிருக்கீங்க?" நான் சொல்லி இப்படிக் கேட்ட பெற்றோர் சிலர், அந்த வீட்டார் கோபிக்கவில்லை, நல்லவேளை கேட்டீர்கள் என்றார்கள் என்று வந்து சொல்லியிருக்கிறார்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் சண்டை வேண்டாம். "இந்த வாரம் எங்க வீட்டுக்கே அனுப்பி வைங்க அக்கா" என்று சொல்லி அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டிற்கு வரவழைத்துவிடுங்கள்.