சப்போர்ட் ஒர்க்கர்: சொல்லும் பொருளும்

வேலூர், காட்பாடிப் பக்கம் நர்சிங் படித்த பிள்ளைகளின் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு விளம்பரம் சுற்றுவது வழக்கம்: 'இங்கிலாந்தில் சப்போர்ட் ஒர்க்கர் வேலை, லேர்னிங் டிசெபிலிட்டி உள்ள பெரியவர்களுக்கு.' (இந்த மாதிரிப் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை அந்த நாடு 2025 ஜூலை 22-இல் நிறுத்திவிட்டது, அதனால் இன்னமும் விசா வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டிவிடாதீர்கள்.) எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறவர்களுக்கு டியூஷன் எடுக்கும் வேலை என்றுதான் பலரும் இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடு வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற டிஸ்லெக்சியா எல்லாம் முதலாவதில் வரும். பிரிட்டனில் லேர்னிங் டிசெபிலிட்டி என்றாலே இரண்டாவதுதான், அதாவது நாம் முன்பு 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று எழுதிவந்தோமே, அவர்கள். டிஸ்லெக்சியாவை அங்கே லேர்னிங் டிஃபிகல்ட்டி என்பார்கள். ஆக, விளம்பரத்தைத் தமிழாக்கும்போது 'கற்றல் குறைபாடு' என்று போட்டால் ஆளே மாறிப்போகும்.

சரி, சப்போர்ட் ஒர்க்கர் யார்? இப்படிப்பட்டவர்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்துகொள்ளக் கூட இருந்து உதவுகிறவர். 'சப்போர்ட்' லத்தீனிலிருந்து வந்தது. கீழிருந்து சுமப்பது என்பது அதன் மூலப்பொருள். வேலையோ நேர் எதிர், முடிந்தவரை சுமக்காமல் இருப்பதுதான் அதில் திறமை. முப்பது வயதுக்காரர் ஒருவருக்குச் சட்டை போடப் பழக்குவதைப் பாருங்கள். பணியாளர் மேலிருந்து மற்ற எல்லாப் பட்டனையும் போட்டுவிட்டு, கடைசிப் பட்டனைத் துளைக்குள் பாதி நுழைத்து விடுவார். மீதியை இழுத்துவிடுவது மட்டும் அந்த முப்பது வயதுக்காரரின் வேலை. அது கைவந்த பிறகு கடைசிப் பட்டன் முழுவதும் அவருடையது, அப்புறம் கடைசி இரண்டு, இப்படியே கீழிருந்து மேலே போகும். ஒவ்வொரு முறையும் முடித்துவைத்தது அவராகவே இருப்பார். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவும் அப்படித்தான், கண்டக்டர் கூட நிற்கும் பணியாளரைப் பார்த்துக் கேட்டாலும் பணியாளருக்கு வாயைத் திறக்காமல் நிற்கத் தெரிய வேண்டும். கண்டக்டர் அவசரப்படுத்துவார், அதுவும் தெரிந்ததுதான்.

நம் ஊரில் இதற்கு என்ன சொல்கிறோம்? ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் 'அட்டெண்டர்' என்போம், ஆனால் அது கூட வந்த சொந்தக்காரரையும் குறிக்கும். பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் குடும்பத்தார் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்வது பல காலமாக உள்ள முறை. சிறப்புப் பள்ளிகளில் 'ஆயா' என்கிறார்கள். மீசை வைத்த ஆளுக்கு ஆயாவா? சட்டத்தில் உள்ள 'பராமரிப்பாளர்' சம்பளம் வாங்காத அம்மாவையும் சேர்த்துத்தான். தவிர, ஏரியையும் சாலையையும் பராமரிப்பது என்றே சொல்லிப் பழகிவிட்டதால் அந்தச் சொல் எனக்கு ஒட்டவில்லை.

'ஆதரவுப் பணியாளர்' நேர் மொழிபெயர்ப்பு, தப்பில்லை, ஆனால் 'ஆதரவற்றோர் இல்லம்' நினைவு கூடவே வருகிறது. 'துணைப் பணியாளர்' என்றால் துணை ஆட்சியர், துணைவேந்தர் வரிசையில் சேர்ந்து, யாருக்கோ அடுத்த படியில் இருப்பவர் போலாகிவிடும். 'துணை' என்ற சொல் மட்டும் கச்சிதம், வழித்துணை என்றால் கூட நடப்பவர், தூக்கிக்கொண்டு போகிறவர் இல்லை. என் தேர்வு 'உறுதுணையாளர்'. 'எனக்கு உறுதுணையாக இருந்தார்' என்று எல்லாருமே சொல்வதுதான், புதிதாகப் பழக வேண்டியதில்லை. 'உறு' மிகுதியைக் குறிக்கும் என்று தொல்காப்பிய உரியியலே சொல்கிறது. அரசாணைக்கு வேண்டுமானால் ஆதரவுப் பணியாளர் என்றே இருக்கட்டும்.

இன்னொன்று, இந்த வேலையில் இருப்பவர்கள் பயோடேட்டாவில் 'கேர்டேக்கர்' என்று எழுதாதீர்கள். பிரிட்டனில் அது பள்ளிக்கூடம், அடுக்குமாடி போன்ற கட்டடங்களைப் பார்த்துக்கொள்பவரின் பெயர்.