காமுண்டா 7: லைவ் போகும் முன் பார்க்க வேண்டியவை

பாளையங்கோட்டையிலோ அம்பையிலோ நகைக்கடன் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதும் சிறிய குழுவுக்கு, ஒரு விண்ணப்பத்தைப் படிப்படியாக உரியவரிடம் நகர்த்தும் ஜாவா எஞ்சினான காமுண்டா 7-இன் லைசென்ஸ் செலவில்லாத கம்யூனிட்டி பதிப்பு நல்ல துணைதான். ஆனால் அதில் இல்லாதவற்றை நாமே எழுதிச் சேர்க்காமல் லைவ் போகக் கூடாது.

முதலில் நாள்கணக்கு. விடுமுறைப் பட்டியல் என்று எதுவும் எஞ்சினுக்குள் கிடையாது. ‘48 மணி நேரத்தில் மேலாளர் ஒப்புதல் தராவிட்டால் மண்டல அதிகாரிக்கு அனுப்பு’ என்று டைமர் வைத்தால், சனி மாலை வந்த விண்ணப்பம் திங்கள் மாலையே மேலே போய்விடும். ஞாயிறும் கணக்கில் சேர்ந்துவிடும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். 2019-இல் தனி மாவட்டமான தென்காசிக்கு அது தானாகப் பொருந்தாது. ஆகவே விடுமுறை டேபிளை மாவட்டவாரியாக வையுங்கள். அடுத்த வேலைநாளைக் கணக்கிடும் ஜாவா பீன் ஒன்றை எழுதி, டைமரில் கால அளவுக்குப் பதில் அது தரும் தேதியைக் கொடுங்கள். சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடினால், காலை 9 மணிக்கென்று எழுதிய கிரான் (குறித்த நேரத்தில் திரும்பத் திரும்ப ஓடும் அமைப்பு) நம்மூர் நேரம் பகல் 2.30-க்குத்தான் ஓடும். ஜாவா ஓடும் ஜேவிஎம்மின் நேர மண்டலத்தையும் பாருங்கள்.

பணம் நட்டமாகும் இடம் அடுத்தது. பின்னணி வேலைகளை ஓட்டும் ஜாப் எக்ஸிக்யூட்டர் ஒரு வேலையை எடுத்தால், இயல்பாக 5 நிமிடம்தான் பூட்டி வைக்கும். வங்கி சர்வர் பதில் தர 6 நிமிடம் ஆனால், முதல் ஓட்டம் முடியும் முன்பே அதே வேலை மறுபடி எடுக்கப்படலாம். பிறகு, ஒரே பதிவை இருவர் மாற்றினால் வரும் ஆப்டிமிஸ்டிக் லாக்கிங் பிழை வந்து ஒரு ஓட்டத்தின் டேட்டாபேஸ் மாற்றம் ரத்தாகும். வெளியே போன பணம் ரத்தாகாது. வெளி அழைப்புக்கு ஒரு நிமிடத்துக்குள் டைம்அவுட் வையுங்கள். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் மாறாத ஒரே குறிப்பெண்ணை அனுப்பி, இரண்டாவது வந்தால் மறுபக்கம் நிராகரிக்கும்படி செய்யுங்கள்.

எஸ்எம்எஸ்ஸிலும் இதே சிக்கல் உண்டு. அதிகாரி ஒப்புதல் பட்டனை அழுத்துகிறார், எஸ்எம்எஸ் போகிறது, அடுத்த படி தோற்கிறது. இடையில் அசிங்க் (இதுவரை நடந்ததைச் சேமித்துவிட்டு அடுத்ததைப் பின்னணியில் ஓட்டும் அமைப்பு) இல்லையென்றால் எல்லாம் ஒரே டிரான்ஸாக்‌ஷன். அது பின்வாங்கி, அதே டாஸ்க் அதிகாரியின் பட்டியலில் மீண்டும் நிற்கும். அவர் மறுபடி அழுத்த, வாடிக்கையாளருக்கு இரண்டாவது எஸ்எம்எஸ். எஸ்எம்எஸ் அனுப்பும் டாஸ்க்கில் அசிங்க் பிஃபோர், அசிங்க் ஆஃப்டர் இரண்டையும் டிக் செய்யுங்கள். அசிங்க் வேலை 3 முறை தோற்றால் இன்சிடென்ட்டாக, அதாவது கவனிக்க வேண்டிய பிழைப் பதிவாக, நின்றுவிடும். யாருக்கும் தானாக மெயில் வராது. அதையும் நாம்தான் எழுத வேண்டும்.

தமிழில் குறிப்பு எழுதும் பெட்டி இருந்தால் கவனம்: எஞ்சின் விண்ணப்பத்தோடு சேமிக்கும் ஸ்ட்ரிங் மாறியின் வரம்பு பொதுவாக 4000 எழுத்து. ‘நெல்லை’ நமக்கு மூன்றெழுத்து, டேட்டாபேஸுக்கு ஆறு (கொம்பும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும்). நீண்ட குறிப்பை உங்கள் சொந்த டேபிளில் வைத்து, அதன் ஐடியை மட்டும் மாறியில் வையுங்கள்.

ஓடும் விண்ணப்பங்களைப் செயல்முறையின் புதிய வெர்ஷனுக்கு மாற்ற, கம்யூனிட்டி பதிப்பின் கண்காணிப்புத் திரையான காக்பிட்டில் வசதி இல்லை. ஏபிஐ உண்டு.

கம்யூனிட்டி பதிப்பின் கடைசி வெளியீடு 2025 அக்டோபரில் வந்த 7.24. புதிதாகத் தொடங்குபவர்கள், காமுண்டாவைப் போலவே ஆக்டிவிட்டி (Activiti) என்ற பழைய எஞ்சினின் வழிவந்த ஃப்ளோவபிளைப் பாருங்கள். மேலே சொன்ன பூட்டு நேரம் போன்ற இயல்பு அளவுகள் அதில் வேறு.

ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நடந்து முடிந்தவற்றைப் பதிந்து வைக்கும் ஹிஸ்டரி டேபிள்களின் அளவைப் பாருங்கள். 7.20 முதல் ஹிஸ்டரியை எத்தனை நாள் வைப்பது என்று குறிக்காவிட்டால் டெப்ளாய்மென்ட்டே நடக்காது. ஆனால் அதைக் குறித்தால் மட்டும் பழையது அழியாது. சுத்தம் செய்யும் நேரத்தை, இரவு 1 முதல் 4 வரை என்பதுபோல், தனியே கொடுக்க வேண்டும். அதற்கு முன் தணிக்கைக்கு வேண்டிய விவரங்களை வேறு டேபிளுக்கு நகலெடுத்துவிடுங்கள்.