சித்தம்பூண்டிக் கல்லும் நிலாவின் கல்லும்

“ஏனுங்க சார், நம்ம சித்தம்பூண்டிக் கல்லை அரைச்சே இஸ்ரோ நிலா மண் பண்ணிருச்சு. 1969-ல அமெரிக்காக்காரன் இதையே பண்ணியிருக்க மாட்டானா?”

சேலத்தில் ஜியாலஜி படித்துவிட்டுக் கல், கனிமம் என்று வேலை பார்க்கிறவர்களிடம் நிலாப் பேச்சு எடுத்தால், அது கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். என்னிடம் இப்படிக் கேட்டவர் கிரானைட் குவாரி வைத்திருக்கும் நண்பர். ‘அமெரிக்காக்காரன் நிலாவுக்குப் போகவே இல்லை, எல்லாம் நாடகம்’ என்று செல்போனில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்களும் கொஞ்சம் சுற்றி வளைத்து இதையேதான் கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி. கொடி ஏன் ஆடியது, வானத்தில் நட்சத்திரம் ஏன் இல்லை என்பதை எல்லாம்விட நல்ல கேள்வி. (கொடியின் மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி கோத்திருந்தார்கள், கம்பத்தைத் திருகி ஊன்றும்போது துணி ஆடியது. வெயிலில் பளிச்சென்று கிடக்கும் தரைக்கு ஏற்றபடி வைத்த கேமராவில் மங்கலான நட்சத்திரம் பதியாது. அவ்வளவுதான்.) கல்லைப் பற்றிய சந்தேகத்துக்குப் பதில் கல்லிலேயே இருக்கிறது, அதிலும் பாதி நம் ஊர்க் கல்லில்.

1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்து இப்போது நாமக்கல்லில் இருக்கும் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் அனார்த்தசைட் என்ற வெளிறிய பாறை கிடைக்கிறது. கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம்தான் அதில் பெரும்பகுதி. நிலாவின் மேட்டுநிலங்களும் இந்த வகைப் பாறைதான். சந்திரயான்-2 கலத்தைச் சோதித்துப் பார்க்க நிலா மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டபோது, இஸ்ரோவும் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து இந்தக் கல்லை அரைத்துச் சலித்து அதைத் தயாரித்தன. செய்முறைக்கு 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது. சக்கரம் எவ்வளவு புதையும், கலத்தின் கால் எப்படி ஊன்றும் என்று பார்க்க இந்த மண் போதும்.

எவ்வளவு பொடியாக அரைப்பது, எந்தக் கனிமம் எத்தனை பங்கு இருக்க வேண்டும் என்பது எப்படித் தெரிந்தது? 1972-ல் அமெரிக்காவின் அப்பல்லோ 16 பயணம் நிலாவின் மேட்டுநிலத்திலிருந்து கொண்டுவந்த மண்ணின் அளவுகள் கையில் இருந்தன. அதோடு ஒப்பிட்டுத்தான் செய்தார்கள். அசல் இல்லாமல் நகல் எடுக்க முடியாது.

சரி, அந்த அசலே போலியாக இருந்தால்? அங்கேதான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொல்வேன். சித்தம்பூண்டிக் கல்லை மெல்லிய வில்லையாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துவிட்டால் வெளிச்சம் ஊடுருவும். ஃபெல்ட்ஸ்பார் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாகத் தெரியும். நடுநடுவே பச்சையாக ஒரு கனிமம். மைக்ராஸ்கோப்பில் வில்லை வைத்த மேடையைத் திருப்பத் திருப்பப் பச்சை பழுப்பாக மாறும். அது ஹார்ன்ப்ளெண்ட். அதன் கட்டமைப்புக்குள்ளேயே நீரின் கூறு இருக்கிறது. சுமார் 250 கோடி ஆண்டுகளாகப் பூமிக்குள் வெந்து, நசுங்கி, நீரோடு சேர்ந்து மாறிய பாறை இது என்பதற்கு அந்தப் பச்சையே சாட்சி. எவ்வளவு அரைத்தாலும் அந்தச் சாட்சி போகாது.

அப்பல்லோ கற்களில் இந்த மாதிரி நீர் சேர்ந்த மாற்றம் கிடையாது. துருப்பிடிக்காத உலோக இரும்புத் துணுக்குகள் இருக்கின்றன. பூமிப் பாறையில் இது அபூர்வத்திலும் அபூர்வம். இரும்புக்குப் பேர்போன நம் கஞ்சமலையில் இருப்பதுகூட ஆக்சிஜனோடு சேர்ந்த மேக்னடைட்தான். 1971-ல் அப்பல்லோ 15 கொண்டுவந்த 15415 என்ற எண்ணுள்ள வெள்ளைக் கல்லின் வயது 400 கோடி ஆண்டுக்கும் மேல். அதைவிட முக்கியம் கல்லின் மேற்பரப்பு. காற்று இல்லாத இடத்தில் தூசி அளவு விண்கற்கள்கூட எரிந்துபோகாமல் நேராக வந்து மோதும். அதனால் வெளியே தெரிந்த பக்கத்தில் ஊசிமுனை அளவுக் குழிகளும், குழிக்குள் உருகி உறைந்த கண்ணாடியும் இருக்கின்றன. மண்ணுக்குள் புதைந்திருந்த பக்கத்தில் அவை இல்லை. காஸ்மிக் கதிர்கள் பல லட்சம் ஆண்டு பட்டால் உருவாகும் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணுக்கள்) வேறு இருக்கின்றன. ஆறு பயணங்களில் வந்தது சுமார் 382 கிலோ. இத்தனை அடையாளத்தோடும் அவ்வளவு கல்லைச் செய்யும் வசதி 1969-ல் எந்த நாட்டிலும் இல்லை. இன்றும் இல்லை.

குவாரி நண்பரிடம் நான் கேட்டது ஒன்றுதான். “ஒரு ஸ்லாபைப் பார்த்ததும் எந்த ஊர்க் குவாரிக் கல்லுன்னு சொல்லிடுவீங்கல்ல? உங்களை ஏமாத்தி வேற கல்லை வித்துட முடியுமா?” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அண்டார்டிகாவுல விழுந்த கல்லைப் பொறுக்கியிருக்கலாமே?” என்றார். அண்டார்டிகாவில் நிலாக் கற்கள் கிடைப்பது உண்மைதான். ஆனால் அவை காற்று மண்டலத்தில் எரிந்தபடி விழுந்தவை. மேல்தோல் கருகியிருக்கும், அந்த ஊசிமுனைக் குழிகள் இருக்காது. மேலும், அப்படி ஒரு கல் நிலாவிலிருந்து வந்தது என்று முதலில் அடையாளம் கண்டது 1982-ல். அதுவும் அப்பல்லோ கற்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு.

நெதர்லாந்து அருங்காட்சியகக் கதையையும் எடுத்து வருவார்கள். முன்னாள் பிரதமர் ஒருவருக்கு 1969-ல் அமெரிக்கத் தூதர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ‘நிலாக் கல்’, கல்லாகிப்போன மரம் என்று 2009-ல் தெரிந்தது. நடந்ததுதான், மறைக்க ஒன்றும் இல்லை. திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போனவர்களுக்கு அந்த மாதிரிக் கல் பழக்கப்பட்டது. நாடுகளுக்கு முறைப்படி பரிசாகப் போனவை, பிளாஸ்டிக்கில் பதித்த சிறு துணுக்குகள். இந்தக் கல் அந்த வரிசையைச் சேர்ந்ததே இல்லை. ஜியாலஜி தெரிந்தவர்கள் கையில் வந்தவுடன் குட்டு உடைந்தது. மற்ற கற்கள் 50 ஆண்டுக்கு மேலாக உலகம் முழுக்க ஆய்வகங்களில் அறுபட்டுக்கொண்டே இருக்கின்றன. சோவியத் யூனியனும் தன் ஆளில்லாக் கலமான லூனா 16 கொண்டுவந்த மண்ணில் கொஞ்சம் கொடுத்து, 1971-ல் அப்பல்லோ மண்ணை வாங்கிப் பார்த்தது. போலி என்று நிரூபித்தால் அதிகம் சந்தோஷப்பட்டிருக்கக்கூடிய நாடு அது.

பேசும்போது நான் கவனமாக இருப்பது சில விஷயங்களில்தான். சிரிக்கக் கூடாது. அரசாங்கம் சொல்வதை நம்ப மறுப்பவருக்கு அதற்கான அனுபவம் இருந்திருக்கும். ஒரு கேள்வி முடியாமல் அடுத்ததற்குத் தாவக் கூடாது. கல்லைப் பற்றிப் பேசும்போது நிழலுக்கும் கொடிக்கும் ஓடினால், “இது முடியட்டும், அப்புறம் அதுக்கு வருவோம்” என்று நிறுத்திவிடுவேன். “எதைக் காட்டினால் ஒத்துக்கொள்வீர்கள்?” என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. எதைக் காட்டினாலும் மாட்டேன் என்பவரோடு மல்லுக்கட்டுவதில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் நான் பேசுகிறேன்.

அந்தப் பிள்ளைகளிடம் நான் மிகவும் ஆசையாகச் சொல்வது ஒன்று உண்டு. அப்பல்லோ 11 இறங்கியது கறுப்புப் பாறைச் சமவெளியில். அந்த மண்ணுக்குள் கொஞ்சம் வெள்ளைத் துகள்கள் கலந்திருந்தன. அனார்த்தசைட். அதை வைத்து, நிலா ஒரு காலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது, அதில் இலேசான ஃபெல்ட்ஸ்பார் மேலே மிதந்து வெள்ளை மேலோடாக இறுகியது என்று 1970-லேயே சொன்னார்கள். அந்தத் துகள்கள் ஏமாற்று வேலை என்றால் அந்தக் கணிப்பும் பொய்த்திருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கியது. அதிலிருந்து இறங்கிய பிரக்யான் என்ற சக்கர ஊர்தி 103 மீட்டர் தூரம் உருண்டுபோய் 23 இடங்களில் மண்ணின் ரசாயனத்தை அளந்தது. இதுவரை யாருமே கால் வைக்காத இடம் அது. அளந்தது நம் கருவி, முடிவை 2024-ல் வெளியிட்டது நம் விஞ்ஞானிகள். அங்கேயும் பெரும்பாலும் அனார்த்தசைட் வகை மண்தான், பாறைக் கடல் கணிப்போடு ஒத்துப்போகிறபடி.

சேலம், ஏற்காடு பக்கம் இருக்கும் பள்ளி ஆசிரியர்கள் இதை வகுப்பில் எடுக்க விரும்பினால், அப்பல்லோ கற்களின் பட்டியலை நாசா இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கிறது. 15415 என்று தேடினால் அந்த வெள்ளைக் கல்லின் படமும் அதன் கனிம விவரமும் வரும். பக்கத்தில் ஒரு சித்தம்பூண்டிக் கல்லை வைத்து, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.