நடத்தை விதிகள்: புகார் யாரிடம் போகும்?

சில ஆண்டுகளுக்கு முன், நான் பராமரித்துவந்த ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு பெண் மூன்று பேட்ச்கள் (நிரல் திருத்தங்கள்) அனுப்பினார். மூன்றும் நன்றாக இருந்தன. நான்காவது வரவே இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு கருத்தரங்கில் அவரைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. எங்கள் குழுவில் நெடுநாளாக இருந்த ஒருவர் தனிச்செய்திகள் அனுப்பித் தொல்லை கொடுத்திருக்கிறார். யாரிடம் சொல்வது என்று தேடி, எங்கள் ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) இருந்த நடத்தை விதிகள் கோப்பை அவர் திறந்திருக்கிறார். புகார் அனுப்ப வேண்டிய முகவரி இருக்க வேண்டிய இடத்தில், 'மின்னஞ்சல் முகவரியை இங்கே இடவும்' என்று பொருள்படும் ஆங்கில வரி அடைப்புக்குறியோடு அப்படியே கிடந்திருக்கிறது.

அந்தக் கோப்பை வேறொரு திட்டத்திலிருந்து நகலெடுத்துப் போட்டவன் நான். கோப்பு இருக்கிறதா என்றுதான் திட்டங்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப் பார்க்கும், இருந்தால் பச்சை டிக் போட்டுவிடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நானும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்தத் திட்டத்தின் நடத்தை விதிகளைத் திறந்தாலும் முதலில் அந்த வரியைத்தான் தேடுகிறேன். அது நிரப்பப்படாத கோப்புகளை இன்றும் பார்க்கிறேன்.

நாங்கள் எடுத்தது 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்ற மாதிரி விதித்தொகுப்பு. 2014-இல் கோரலைன் அடா எம்கி எழுதியது, உலகம் முழுக்கப் பல்லாயிரம் திட்டங்கள் பயன்படுத்துவது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மாதிரியை எடுத்து வைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது ஆபத்து.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் கதை இதற்குப் பாடம். 2015-இல் அங்கே ஒரு சிறிய ஆவணம் சேர்ந்தது. உங்கள் நிரல் கடுமையாக விமர்சிக்கப்படும், யாராவது உங்களைத் தனிப்பட்ட முறையில் இழிவுபடுத்தினாலோ மிரட்டினாலோ தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவிடம் சொல்லுங்கள் என்பதே அதன் சாரம். 2018 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு, கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் 1.4-ஐத் தழுவிய விதிகளை வைத்தார்கள். அதே நாளில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கடுமையான மின்னஞ்சல்களுக்கு மன்னிப்புக் கேட்டு, சிறிது காலம் ஒதுங்கியிருப்பதாக அறிவித்தார். கெர்னலின் 4.19 பதிப்பை அவருக்குப் பதிலாக மூத்த பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார்.

உடனே கேள்விகள் கிளம்பின. ஒருவருடைய மின்னஞ்சல் முகவரியை அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது அந்த மாதிரி. கெர்னல் வேலையோ மின்னஞ்சலில்தான் நடக்கிறது, ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவாகும் மாற்றத்திலும்) பெயரும் முகவரியும் இருக்கும். அப்புறம், தன் பகுதியில் யாராவது மோசமாகப் பேசினால் அதற்கு ஒவ்வொரு பராமரிப்பாளரும் பொறுப்பேற்க வேண்டுமா? அடுத்த மாதமே, இந்த விதிகளைக் கெர்னலில் எப்படிப் புரிந்துகொள்வது என்று விளக்கும் தனி ஆவணத்தைச் சேர்த்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது ஆவணம்தான். தங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து எழுதியது அது.

எங்களுக்கும் அப்படி எழுத வேண்டியிருந்தது. 2021-இல் வந்த 2.1 பதிப்பில், பாகுபாடு காட்டக் கூடாதவற்றின் பட்டியலில் 'சாதி' என்ற சொல் சேர்ந்தது. நல்ல விஷயம். ஆனால் நம் ஊரில் யாரும் குழுவில் வந்து சாதிப் பெயரை வெளிப்படையாகக் கேட்பதில்லை. "நீங்க எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று ஆரம்பித்து, "என்ன ஆளுங்க?" என்பதில் வந்து நிற்கும். பெர்லினில் இருக்கும் ஒருவர் இதை மொழிபெயர்ப்பில் படித்தால் நலம் விசாரிப்பதாகத்தான் நினைப்பார். அதனால் அந்தக் கேள்விகளையே எடுத்துக்காட்டாகக் கோப்பில் எழுதினோம். "உனக்கெதுக்கும்மா கெர்னல் எல்லாம், டாக்குமென்டேஷன் பண்ணும்மா" என்பதையும் சேர்த்தோம். அன்பாகச் சொல்வதாகவே சொல்பவர் நம்புவார். கேட்டவர் திரும்பி வரமாட்டார்.

எது மீறல் இல்லை என்பதையும் எழுதியே ஆக வேண்டும். 'இந்த பேட்சில் மெமரி கசிகிறது, இப்படி ஏற்க முடியாது' என்பது விமர்சனம். 'இதை எழுதினவனுக்கு மூளை இருக்கா' என்பது மீறல். இந்தக் கோட்டைப் போடாவிட்டால், தரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்று மூத்தவர்கள் பயப்படுவார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

சரி, புகார் தலைமையைப் பற்றியே இருந்தால்? பெரும்பாலான கோப்புகள் இங்கேதான் மௌனமாகிவிடுகின்றன. 2021 நவம்பரில் ரஸ்ட் என்ற நிரல்மொழியின் நெறியாள்கைக் குழு, அதாவது நடத்தை விதிகளைச் செயல்படுத்தும் குழு, மொத்தமாகப் பதவி விலகியது. திட்டத்தின் தலைமையான மையக் குழு தன்னைத் தவிர யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் தன்னை வைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் விதிகளை அவர்களிடம் செயல்படுத்த முடியவில்லை என்றார்கள். 2023-இல் மையக் குழுவுக்குப் பதிலாகத் தலைமை மன்றம் ஒன்றை அமைத்தபோது, அந்த மன்றத்தையும் நெறியாளர்கள் எப்படிக் கேள்வி கேட்கலாம் என்பதை எழுத்தில் வைத்தார்கள். அவ்வளவு பெரிய சமூகத்துக்கே இதற்கு இவ்வளவு காலம் பிடித்தது. பத்துப் பேர் உள்ள திட்டத்தில், தொடங்கியவரே எல்லாமாக இருக்கும்போது, இது இன்னும் கடினம்.

புகார்களைப் பார்க்க, என்னையும் சேர்த்து மூன்று பேரை வைத்தோம். ஒருவர் எங்கள் திட்டத்தில் நிரல் எழுதாதவர், தோழமையான இன்னொரு திட்டத்திலிருந்து வந்தவர். குழுவுக்கென்று ஒரு முகவரி, அதோடு மூவருக்கும் தனித்தனி முகவரிகள். யாரைப் பற்றிய புகாரோ அவரைத் தவிர்த்து மற்றவருக்கு எழுதலாம். இரண்டு நாளுக்குள் பதில் போக வேண்டும், 'கிடைத்தது, பார்க்கிறோம்' என்றாவது. புகார் தந்தவர் பெயரை எதிராளியிடம் சொல்வதில்லை. கண்டித்தல், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை என்ற நான்கு படிகளை மாதிரியின் 2.0 பதிப்பிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

எங்களுக்குக் கைவிடக் கடினமாக இருந்த பழக்கம் ஒன்று: இரண்டு பேரையும் கூப்பிட்டு "பேசித் தீர்த்துக்கங்கப்பா" என்பது. அபிப்பிராய பேதத்துக்கு அது சரி. ராத்திரி பதினொரு மணிக்குத் தனிச்செய்தி அனுப்புகிறவரோடு, அதனால் தொல்லைப்பட்டவரை ஒரே அழைப்பில் உட்கார வைப்பது இரண்டாவது தொல்லை. இதையும் கோப்பில் எழுதியிருக்கிறோம்: புகார் தந்தவர் விரும்பிக் கேட்டால் ஒழிய நேருக்கு நேர் சந்திப்பு கிடையாது.

புதிய விதிகளுக்குப் பிறகு வந்த இரண்டாவது புகார் என்னைப் பற்றியது. ஒரு பேட்ச் பரிசீலனையில், 'ஆவணத்தைப் படித்தாவது பார்த்தீர்களா?' என்று எழுதியிருந்தேன். மற்ற இருவரும் என்னை விட்டுவிட்டுப் பேசி முடித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை என்னை அழைத்தார்கள். முதல் படி, கண்டிப்பு. என் கோபம் தணிய ஒரு நாள் ஆனது. மறுநாள் அந்த வரியை எடுத்துவிட்டு, ஆவணத்தில் எந்தப் பத்தி குழப்பமாக இருக்கிறது என்று கேட்டு எழுதினேன். அந்தப் பத்தியில் உண்மையிலேயே ஒரு தவறு இருந்தது. புகார் கொடுத்தது பேட்ச் அனுப்பியவரா, வேடிக்கை பார்த்த வேறு யாராவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.