ஒரு நிமிட டயரும் இருபது நிமிட டயரும்

அமெரிக்காவின் ஹூசியர் நிறுவனம் ஏ7, ஆர்7 என்று இரண்டு டயர்கள் விற்கிறது. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எது எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டுமே கிட்டத்தட்ட வழவழப்பான பந்தய டயர்கள், சட்டத்துக்காக நடுவே இரண்டு கோடு வெட்டியிருப்பார்கள். இரண்டிலும் ட்ரெட்வேர் எண், அதாவது டயர் எவ்வளவு உழைக்கும் என்று பக்கவாட்டில் அச்சடிக்கும் எண், 40. ஆனால் ஏ7 ஆட்டோகிராஸ் என்ற ஒரு நிமிட ஓட்டத்துக்கு, ஆர்7 பந்தயத் தடத்துக்கு என்று தயாரித்தவர்களே பிரித்துவிட்டார்கள். ஏ7-ஐ தடத்தில் போட்டு விரட்டினால் சில சுற்றுகளிலேயே சூடேறி வழுக்க ஆரம்பிக்கும். ஆர்7-ஐ ஆட்டோகிராஸில் போட்டால், அது சூடாகி வேலைக்குத் தயாராவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும்.

பணமும் இடமும் இருப்பவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை, இரண்டு செட் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரே காரை ஒரு வாரக் கடைசியில் ஆட்டோகிராஸுக்கும் இன்னொரு வாரக் கடைசியில் டிராக் டேவுக்கும் கொண்டுபோகிற ஆளுக்குத்தான் சிக்கல். ஒரே செட் டயரில் இரண்டையும் சமாளிக்க முடியுமா? ஓரளவு முடியும். எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறோம் என்று புரிய வேண்டுமானால் ரப்பர் எப்படி ரோட்டைப் பிடிக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஆட்டோகிராஸ் என்றால் பெரும்பாலும் மண்தரை ஓட்டம். இங்கே நான் சொல்வது அமெரிக்க ஆட்டோகிராஸை. பழைய விமான ஓடுதளத்திலோ பெரிய பார்க்கிங் மைதானத்திலோ கோன்களை நட்டு வளைந்து நெளிந்த ஒரு பாதை போடுவார்கள். ஒரு கார் ஓடும்போது இன்னொரு கார் குறுக்கே வராது. ஓட்டம் சுமார் ஒரு நிமிடம், பாதி நேரம் இரண்டாவது கியரிலேயே போய்விடும், ஒரு கோனை இடித்தால் 2 விநாடி அபராதம். ஓடி முடித்தபின் அடுத்த முறை வரும்வரை கார் நிழல் தேடி நிற்கும். டிராக் டே வேறு மாதிரி. நிஜப் பந்தயத் தடத்தில், பந்தயம் இல்லாமல், 20 நிமிடம் அளவுக்கு ஒரு செஷன், ஒரு நாளில் நாலைந்து செஷன். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் 3.7 கிலோமீட்டர் தடம் போன்ற இடங்களில் நடப்பது.

ரப்பர் இரண்டு விதத்தில் பிடிக்கிறது. ரோட்டின் மேற்பரப்போடு மூலக்கூறு அளவில் ஒட்டி ஒட்டிப் பிரிவது ஒன்று. தார் ரோட்டில் துருத்திக்கொண்டிருக்கும் ஜல்லி முனைகள் ரப்பரை அமுக்கி அமுக்கி விடுவது இன்னொன்று. அமுங்கிய ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை, கொஞ்சம் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தில் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. சறுக்கலை எதிர்க்கும் விசையில் ஒரு பெரிய பங்கு இப்படித்தான் கிடைக்கிறது. அதாவது நல்ல பிடி கொடுக்கும் ரப்பர் சூடாகாமல் இருக்கவே முடியாது. பிடியும் சூடும் ஒரே வேலையின் இரண்டு விளைவுகள்.

இந்தத் தாமதம் எல்லா வெப்பநிலையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. குளிர்ந்த ரப்பர் விறைப்பாக இருக்கும், ஜல்லி முனைகளுக்குள் இறங்காது. ரொம்பச் சூடான ரப்பர் தாமதமே இல்லாமல் குதித்துத் திரும்பிவிடும், வலிமையும் போய்விடும். நடுவில் ஒரு வெப்பநிலையில் உராய்வு உச்சத்தைத் தொடும். சறுக்கும் வேகத்தை மாற்றினாலும் வெப்பநிலையை மாற்றினாலும் ரப்பருக்கு அது ஒரே வகை மாற்றம்தான், ஒன்றை இன்னொன்றாகக் கணக்கிட்டு எல்லா அளவீடுகளையும் ஒரே வளைகோட்டில் அடுக்கிவிடலாம் என்று 1963இல் குரோஷ் என்ற ஆய்வாளர் காட்டினார். டயர் நிறுவனங்களின் கைவண்ணம் முழுக்க இந்த உச்சத்தை எந்த வெப்பநிலையில் கொண்டுபோய் வைப்பது என்பதில் இருக்கிறது. கார்பன் பிளாக், சிலிக்கா, எண்ணெய், பிசின், ரப்பர் வகை எல்லாவற்றின் விகிதத்தையும் மாற்றி மாற்றி அந்த இடத்தை நகர்த்துவார்கள். ஆட்டோகிராஸ் டயருக்கு உச்சம் கீழே இருக்க வேண்டும், தடத்து டயருக்கு மேலே.

எவ்வளவு கீழே, எவ்வளவு மேலே? ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள சின்ன கார், மாஸ்டா மியாட்டா மாதிரி. வளைவில் தன் எடைக்குச் சமமான விசையில், அதாவது 1 ஜி அளவுக்கு, பக்கவாட்டில் இழுபடுகிறது என்றால் நாலு டயரும் சேர்ந்து கொடுக்கும் விசை சுமார் 10,800 நியூட்டன். வளைவில் டயர் நோக்கும் திசையும் உண்மையில் போகும் திசையும் ஒன்றாக இருக்காது, இடையில் சில டிகிரி கோணம் இருக்கும். அதை 6 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 72 கிமீ வேகத்தில் பக்கவாட்டுச் சறுக்கல் விநாடிக்கு 2 மீட்டர் அளவுக்கு வரும். விசையையும் இந்தச் சறுக்கலையும் பெருக்கினால் 22 கிலோவாட். குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் கீசர் பதினொன்றை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி. வேகம் 126 கிமீ ஆனால் இதுவே 39 கிலோவாட்.

ஆட்டோகிராஸ் ஓட்டத்தில் 40 விநாடி வளைவு என்றால் மொத்த வெப்பம் 0.9 மெகாஜூல். தடத்தில் 20 நிமிடத்தில் 8 நிமிடம் வளைவு என்றால் 19 மெகாஜூல். இருபது மடங்குக்கும் மேல். இதில் பாதி ரோட்டுக்குப் போய்விடுகிறது, நாலு டயரின் டிரெட் (ரோட்டைத் தொடும் வெளி அடுக்கு) ரப்பர் எல்லாம் சேர்த்து 12 கிலோ என்று எடுத்துக்கொண்டால், ஆட்டோகிராஸ் ஓட்டம் ஒன்று ரப்பரை 20 டிகிரி சூடாக்கும். தடத்தில், காற்றும் ரோடும் வெப்பத்தை உறிஞ்சாமல் இருந்தால், 400 டிகிரிக்கு மேல் போக வேண்டும். உண்மையில் போவதில்லை. உள்ளே வரும் வெப்பமும் வெளியே போகும் வெப்பமும் சரிக்குச் சரியாகும் இடத்தில் டயர் நின்றுவிடும். பிரேக் டிஸ்க்கின் சூடு வீல் வழியாக வந்து சேர்வது தனி.

இதில்தான் விஷயமே இருக்கிறது. தடத்து டயர் இந்தச் சமநிலையில் வாழ்கிறது. ஆட்டோகிராஸ் டயர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அது காலைக் குளிரில் 15 டிகிரியில் கிளம்பி 35 டிகிரியில் ஓட்டத்தை முடித்துவிடலாம். எந்த டயரில் அதிக பிடி என்ற கேள்விக்கு, எத்தனையாவது நிமிடத்தில் என்று சேர்த்துக் கேட்காமல் பதில் கிடையாது.

ஆட்டோகிராஸிலும் டயர் கொதிக்கும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஒரே காரை இரண்டு பேர் பகிர்ந்து ஓட்டும்போது இடைவெளி சில நிமிடங்கள்தான். கோடை வெயிலில் மூன்றாவது நாலாவது ஓட்டத்தில் மேற்பரப்பு உச்சத்தைத் தாண்டிவிடும். அதனால் செடிக்கு மருந்து அடிக்கும் கைப்பம்பு ஸ்பிரேயரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து, வரிசையில் நிற்கும் காரின் டயர்களில் பீய்ச்சுவார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டுபோகும் வெப்பம் கொஞ்சநஞ்சமல்ல. தேசியப் போட்டிகளிலேயே இது சகஜமான காட்சி.

காற்றழுத்தமும் இதே கணக்கில்தான் வருகிறது, புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். டயருக்குள் இருக்கும் காற்று சூடாகும்போது அழுத்தம் ஏறும். 25 டிகிரியில் 28 பிஎஸ்ஐ வைத்த டயர், உள்காற்று 85 டிகிரியை எட்டும்போது 36 பிஎஸ்ஐயைத் தாண்டும். ஆட்டோகிராஸில் 40 டிகிரிக்குப் போனால் வெறும் 2 பிஎஸ்ஐதான் ஏறும். ஆகவே ஆட்டோகிராஸ்காரர் தனக்கு வேண்டிய அழுத்தத்தைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக் கிளம்பலாம். தடத்துக்காரர் குறைவாக வைத்துக் கிளம்பி, முதல் செஷன் முடிந்ததும் சூடாக இருக்கும்போதே அளந்து, அதிகமாக இருந்தால் காற்றை இறக்க வேண்டும். ஆட்டோகிராஸ் அழுத்தத்தோடு தடத்துக்குப் போனால் டயர் நடுவில் உப்பிக்கொண்டு ஓரங்கள் வேலை செய்யாது. மாலையில் வீடு திரும்பும்முன் இறக்கிய காற்றைத் திரும்ப அடைக்க மறக்கக் கூடாது, டயர் ஆறினால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழுந்திருக்கும்.

சரி, கடையில் என்ன கிடைக்கிறது? அமெரிக்க ஆட்டோகிராஸில் ரோட்டுக் கார்களுக்கான வகுப்புகளில் ட்ரெட்வேர் எண் குறைந்தது 200 இருக்க வேண்டும் என்பது ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்காவின் விதி. விளைவு, எல்லா நிறுவனங்களும் பக்கவாட்டில் சரியாக 200 என்று அச்சடித்த டயர்களைக் கொண்டுவந்துவிட்டன. இந்த எண் எங்கிருந்து வருகிறது? டெக்சாஸில் சான் ஏஞ்சலோ நகரைச் சுற்றியுள்ள 640 கிமீ பொதுச் சாலை வட்டத்தில், மொத்தம் சுமார் 11,500 கிமீ ஓட்டி, ஒரு குறிப்பு டயரோடு தேய்மானத்தை ஒப்பிடுகிறார்கள். குறிப்பு டயருக்கு 100 என்றால், இரண்டு மடங்கு உழைப்பதற்கு 200. ஆனால் கடைசியில் எண்ணை எழுதுவது அரசாங்கம் இல்லை, தயாரிப்பாளர். சாதாரண வேகத்தில் ரோட்டில் ஓடிய தேய்மானம் பந்தயத் தடத்தின் தேய்மானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பிடியைப் பற்றியோ சுத்தமாக எதுவுமே சொல்லாது. 200 எண்ணை நம்பி டயர் வாங்குவது வீண்.

ஏனென்றால் யோகோஹாமா அட்வான் ஏ052 ஒரு 200, ஹான்குக் வென்டஸ் ஆர்எஸ்4 இன்னொரு 200. முதலாவது வந்தவுடனே பிடிக்கும், ஒரு சூடான சுற்றில் அசரடிக்கும், நீண்ட செஷனில் சோர்ந்துபோகும், சீக்கிரம் தேயும். இரண்டாவது சூடேற நேரம் எடுக்கும், உச்சப் பிடி குறைவு, ஆனால் இருபதாவது நிமிடத்திலும் முதல் நிமிடம் மாதிரியே பேசும். பல மணி நேரம் ஓடும் அமெச்சூர் என்டியூரன்ஸ் பந்தயங்களில் அது பழகிய பெயர். இரண்டுக்கும் நடுவே பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ் போன்றவை. சீக்கிரம் சூடாகும், தடத்திலும் ஏ052-ஐ விடக் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். ஒரே செட் என்று பிடிவாதமாக இருந்தால், கார் லேசானது என்றால், நான் இந்த நடுவகையைத்தான் சொல்வேன். 1,600 கிலோ காருக்கு என் பதில் வேறு: வெப்பம் எடையோடு சேர்ந்தே ஏறும், ஆர்எஸ்4 பக்கம் சாய்வது நல்லது, ஆட்டோகிராஸில் அரை விநாடி போனால் போகட்டும்.

முதல் வருடம் ஓட்டுகிறவர்களுக்கு இவை எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்ற 300 எண் கோடைக்கால டயர் போதும். பிடி விடுவதற்கு முன் சத்தம் போட்டு எச்சரிக்கும், விடும்போதும் மெதுவாக விடும். ஒட்டும் டயர் ஓட்டுநரின் தவறை மறைத்துவிடும், மறைக்க முடியாத வேகம் வரும்போது திடீரென்று கைவிடும்.

அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அகல டயர் போட்டால் ரோட்டைத் தொடும் பரப்பு அப்படியே கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தொடும் பரப்பைப் பெருமளவு தீர்மானிப்பது எடையும் காற்றழுத்தமும்தான். அகலம் அதன் வடிவத்தை மாற்றுகிறது, கூடவே சூடாக்க வேண்டிய ரப்பரையும் கூட்டுகிறது. தடத்தில் அது லாபம். குளிர் காலை ஆட்டோகிராஸில் அவ்வளவு லாபமில்லை. கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) சரியில்லாத கார் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து மீதி ரப்பர் புதிதாகவே குப்பைக்குப் போகும். டயருக்குக் காசு செலவழிக்கும்முன் அலைன்மெண்டுக்குச் செலவழிக்கலாம்.

ஒரே செட்டில் இரண்டு வேலை வாங்க இன்னொரு வழி இருக்கிறது, காலத்தால் பிரிப்பது. ஒவ்வொரு முறை நன்றாகச் சூடாகி ஆறும்போதும் ரப்பரின் கந்தகப் பிணைப்புகள் மாறி, அது கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. புதுசில் இருக்கும் அந்த உடனடிப் பிடி முதலில் போவது இதனால்தான். அதே சமயம் டிரெட் தேயத் தேய, உயரமான ரப்பர் கட்டிகள் நெளிவது குறைகிறது. நெளிவு குறைந்தால் சூடும் குறைகிறது. தடத்துக்கென்றே புது டயரின் டிரெட்டைச் சீவிக் கொடுக்கும் சேவை அமெரிக்காவில் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆக, புது டயரை ஒரு சீசன் ஆட்டோகிராஸில் ஓட்டி, முனை மழுங்கியபின் தடத்துக்கு அனுப்பினால், இரண்டு இடத்திலும் டயர் தன் நல்ல வயதில் இருக்கும். தேய்ந்த டயர் ஈரத் தடத்தில் தண்ணீர் மேல் மிதக்கும் என்பதால் மழை நாளில் அதைத் தொடக் கூடாது. பனி பெய்யும் ஊர் என்றால் குளிர்காலத்தில் வெளிக் கொட்டகையிலும் போடக் கூடாது, இவ்வகை ரப்பர் உறைகுளிரில் வெடிப்பு விடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

இப்படி ஆட்டோகிராஸ்காரர்கள் கழற்றிய டயர்கள் மலிவாகவும் விற்பனைக்கு வரும். வாங்கும்முன் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் கடைசி 4 இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்: 1824 என்றால் 2024இன் 18ஆம் வாரம். அப்புறம் நகத்தால் டிரெட்டை அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சம்கூட இறங்காத டயரில் எவ்வளவு டிரெட் மிச்சமிருந்தாலும் பேரம் பேச வேண்டியதில்லை.